84 மாத்திரைகள்

1997-இல் நான் ஜூனியராக இருந்தபோது சீனியர் என் பக்கம் தள்ளிவிட்ட வழக்குக் கட்டு அது. நெசவாளி ஒருவர், கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிப் படுத்திருந்த தாயாருக்காகச் சென்னை மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை வாங்கிக்கொண்டு இரவுப் பேருந்தில் ஊர் திரும்பினார். சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு ஆறு, 14 நாளுக்கு 84. மருந்துச் சீட்டை மருந்தகம் தன் கோப்புக்காக வாங்கி வைத்துக்கொண்டது; அவர் சட்டைப்பையில் இருந்தது தாயார் பெயர் எழுதிய வெளிநோயாளி அட்டை மட்டும்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவத்துக்கு மார்ஃபினைத் தடுக்கவில்லை. அபின் பயிரிட அரசே உரிமம் தருகிற நாடு இது. ஆனால் உரிய ஆவணமின்றிக் கையில் வைத்திருந்தால் அன்று குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு. நீதிபதி மனமிரங்கினாலும் ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது. ஜாமீன் கேட்டால், இவர் குற்றவாளி அல்லர் என்று நம்ப நியாயமான காரணம் உண்டா என்று நீதிமன்றம் முதலிலேயே பார்க்க வேண்டும். விசாரணையின் கடைசியில் வரவேண்டிய விடையை வாசற்படியிலேயே கேட்கிற விதி.

அந்தச் சட்டத்தில் இளகிய இடம் ஒன்று இருந்தது. சொற்ப அளவு, விற்பதற்கல்ல, சொந்த உபயோகத்துக்கே என்று குற்றம்சாட்டப்பட்டவர் நிரூபித்துவிட்டால் அதிகபட்சம் ஓராண்டு. போதைக்கு அடிமையானவனை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு. தாய்க்கு மருந்து சுமக்கும் மகன் அதற்குள் அடங்கமாட்டான். அந்த வயதுச் சாமர்த்தியத்தில், மாத்திரை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டால் என்ன என்று சிறையில் கேட்டேன்.

"எனக்கு ஏது சார் வலி?" என்றார்.

மருத்துவமனைப் பதிவேட்டின் நகலைக் கொண்டுவந்து சேர்த்த பிறகு, 19-ஆம் நாள் ஜாமீன் கிடைத்தது. தாயார் 12-ஆம் நாளே போய்விட்டார், உள்ளூர் டாக்டர் கொடுத்த சாதாரண வலி மாத்திரையோடு. டாக்டரைக் குறைசொல்ல மாட்டேன். மார்ஃபின் இருப்பு வைக்க அன்று வெவ்வேறு துறைகளிடம் தனித்தனி உரிமம் வாங்க வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். சாவடி ஆய்வாளரும் கொடியவரல்லர், ஹெராயின் பிடிக்கப் பழகிய கை. அளவுக்கேற்ற தண்டனை 2001-இல்தான் வந்தது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு ஒரே அனுமதி போதும் என்று ஆக 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் விடுதலையாக இரண்டு ஆண்டு பிடித்தது. தீர்ப்பன்று வழக்குச் சொத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. ஆய்வுக்கு எடுத்தது போக மீதி 80 மாத்திரைகள் அரக்கு முத்திரையோடு மேசைமேல் இருந்தன. ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுக்கலாமா, வேறு யாருக்காவது ஆகுமே என்று என் காதோடு கேட்டார். எழுந்து நின்று அதை அப்படியே சொன்னேன். நீதிபதி அந்தப் பொட்டலத்தைச் சற்று நேரம் பார்த்தார். மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழித்துவிடும்படி எழுதினார்.