பழைய டிராக்டர்

பழைய பொருளை வாங்குவோர் அதன் கடந்தகால உழைப்பையும் தேய்மானத்தையும் சேர்த்தே வாங்குகின்றனர். தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் தமையனார், கூலிம் அருகே 3 ஏக்கரில் வாழையும் காய்கறியும் பயிரிடுகிறார். மண்வெட்டி பிடிக்க முதுமை இடந்தரவில்லை. சேமநிதிப் பணத்தில் பழைய டிராக்டர் ஒன்று வாங்க விழைந்தார். அண்ணியாருடன் நானும் சென்றேன்.

புதுச்சாயம் பூசிய பெரிய வண்டியே முதலில் எங்களுக்குக் காட்டப்பெற்றது. தமையனார் அதனை விரும்பவில்லை. கனத்த வண்டி ஈரமண்ணை இறுக்கிவிடும். வாழை வரிசைகளினூடே திரும்பவும் இடம் போதாது. புல் வெட்டவும் மண் கிளறவும் 20 முதல் 30 குதிரைத்திறனே போதுமன்றோ?

அடுத்துச் சிறிய வண்டிகளைப் பார்த்தோம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கச் சொன்னார் தமையனார். சூடேறிய என்ஜின் தன் குறையை மறைத்துவிடும். நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது எனலாம். 1936இல் ஹாரி பெர்குசனின் டிராக்டர் வழியே விற்பனைக்கு வந்த மும்முனை இணைப்பு, இன்று பெரும்பாலான டிராக்டர்களின் பின்புறம் உண்டு. அதில் சுமையேற்றி உயர்த்தி, என்ஜினை நிறுத்திப் பார்த்தார். சுமை விரைவாகத் தாழுமாயின் நீரியல் அமைப்பு தேய்ந்துள்ளது என்பது பொருள்.

இறுதியில் இரு வண்டிகள் எஞ்சின. ஒன்று மலிவு, ஆயினும் கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் அதில் இல்லை. தமையனார் சட்டமுள்ளதையே தேர்ந்தார். அண்ணியாரின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

சிக்கனம் நற்பண்பே, எனினும் உழைப்பவரின் உயிரைக் காக்கும் செலவில் அதனைக் காட்டுதல் தகாது.