பார்த்துக்கொள்கிறவரின் முதுகு

வீடுகளுக்குப் போய்ச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். பக்கவாதத்தில் படுத்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், பார்க்கின்சன் முற்றியவர்கள் இருக்கும் வீடுகள். நோயாளியைத் தொடுவதற்கு முன், பார்த்துக்கொள்கிறவரிடம் அவரை ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்துக் காட்டச் சொல்வேன். அதிலேயே இரண்டு பேர் உடம்பும் எனக்குத் தெரிந்துவிடும்.

பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய மகள் அல்லது மருமகள். மாதவிடாய் நிற்கிற வயது. எலும்பின் வலு குறைகிற, தோள் இறுகிக்கொள்கிற, சர்க்கரை எட்டிப் பார்க்கிற வயதும் அதுதான். மகனுக்குப் பிளஸ் டூ, கணவருக்கு டிபன், மாமியாருக்கு டயப்பர். அவரிடம் போய் ‘உங்க உடம்பையும் பாத்துக்கோங்கக்கா’ என்றால் சிரிக்கிறார். நியாயமான சிரிப்பு. காலை நடை, யோகா, தியானம் எல்லாம் நேரம் இருப்பவர்களுக்கு. அதனால் நான் அவரிடம் நேரம் கேட்பதில்லை. எப்படியும் செய்யப்போகிற வேலைக்குள்ளேயே அவருக்கானதையும் சொருகப் பார்க்கிறேன்.

அசையாமல் படுத்திருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். தவறினால் வால் எலும்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். இதை எல்லா மருத்துவமனையிலும் சொல்லி அனுப்புகிறார்கள். திருப்புகிறவரின் முதுகைப் பற்றிச் சொல்கிறவர்கள் குறைவு.

முதலில் கட்டில். நம் வீட்டுக் கட்டில்கள் தாழ்வானவை. ஒவ்வொரு முறையும் குனிந்தே ஆக வேண்டும். தானாக எழுந்திருக்க முயலாத நோயாளி என்றால், ஆடாத மரக்கட்டைகளைக் கட்டில் கால்களுக்கு அடியில் கொடுத்து, மெத்தையை அக்காவின் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவருகிறேன். எழ முயல்கிறவருக்கு இது கூடாது, விழுந்துவிடுவார். பிறகு ஒரு பழைய பருத்தி வேட்டி. நான்காக மடித்து நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை விரித்துவைத்தால், மேலே நகர்த்த இரண்டு பக்கமும் இரண்டு பேர் அதைப் பிடித்தால் போதும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதை முதல் நாளே நிறுத்திவிடுவேன். வாதம் வந்த தோள் நழுவிப்போகும், தூக்குகிறவர் முதுகும் போகும்.

இனித் திருப்புதல். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் நிற்க வேண்டும். நோயாளியின் எதிர்ப்பக்கக் கையை மார்பின் குறுக்கே வைத்து, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, ஒரு கை தோளுக்குப் பின்னாலும் ஒரு கை இடுப்புக்குப் பின்னாலும். ஒரு காலை முன்வைத்து நின்று, உடம்பின் எடையைப் பின்காலுக்கு மாற்றினால் அவர் உருண்டு வந்துவிடுவார். கையால் இழுக்கத் தேவையே இல்லை. ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று சத்தமாக எண்ணச் சொல்வேன். நோயாளி முடிந்த அளவு ஒத்துழைப்பார் என்பது ஒரு காரணம். வாய்விட்டு எண்ணுகிறவரால் மூச்சைப் பிடித்துக்கொள்ள முடியாது என்பது எனக்கு முக்கியமான காரணம்.

மூச்சைப் பிடித்து எடையைத் தூக்கும்போது இந்த வயதில் பல பெண்களுக்குச் சிறுநீர் கசிகிறது. யாரும் தாமாகச் சொல்வதில்லை. நான் கேட்ட பிறகே, கதவுப் பக்கம் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர்கள் உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கிக்கொண்டு, அப்புறம் திருப்புங்கள் என்கிறேன். திருப்புகிற ஒவ்வொரு முறையும் தசைப்பயிற்சி ஆகிவிடுகிறது.

மாத்திரையும் அப்படித்தான். மாமியாரின் மாத்திரை டப்பா நேரம் தவறாது. அக்காவின் பிரஷர் மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் போடச் சொல்ல மாட்டேன், மாறிப்போகும். பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர் வீட்டுக்கே வருகிறாரே, அவரிடம் நீங்களும் கையை நீட்டிப் பிரஷர் பாருங்கள் என்பேன். நோயாளிக்காக வந்தவரிடம் தனக்காகக் கேட்க ஏனோ கூச்சம்.

வெளியூர்த் தம்பிமார்களைப் பற்றி ஒன்று. ‘ஏதாவது உதவி வேணும்னா சொல்லுக்கா’ என்பார்கள் போனில். அந்த ‘ஏதாவது’ ஒருநாளும் நடக்காது. மாதத்தின் இரண்டாம் சனி ஞாயிறு நீ வந்து அம்மாவோடு படுத்துக்கொள் என்று நாள் குறித்துக் கேட்டால் நடக்கிறது. ஆண்களுக்கு இதெல்லாம் வராது என்பது வசதியான பொய். எத்தனையோ மகன்களுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன், நன்றாகவே திருப்புகிறார்கள்.

படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்சும் வாங்கி வந்து, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் காபியையும் அக்காதான் போட வேண்டியிருக்கிறது. நீங்கள் போனால் வெறுங்கையோடே போங்கள். திருப்பிப் படுக்கவைப்பது எப்படி என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு மதியம் நீங்கள் கட்டிலருகே உட்காருங்கள். அவர் போய்த் தூங்கட்டும்.