பன்னிரண்டாவது ஆள்

ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. 2025 நவம்பர் 15 அன்று இந்த ஐ.பி.எல். மாற்றம் உறுதியானதும் குன்னூர் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. “இத்தனை வருஷம் உழைச்சவனை இப்படியா அனுப்புறது?” என்று ஒரு பெரியவர் டம்ளரை டொக்கென்று வைத்தார். அவர் கோபம் நியாயமானது. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தபோது சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தது ஜடேஜாவின் கை. எனக்கும் மனசு கனத்தது. ஆனாலும் 37 வயதைத் தொடப்போகிறவரைக் கொடுத்து 31 வயதுக்காரரை வாங்குவது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் நினைப்பு வேறொரு பையனிடம் போய்விட்டது. அவனை யாரும் ஏலத்தில் எடுக்கவில்லை, யாருக்கும் மாற்றிக் கொடுக்கவும் இல்லை. சும்மா உட்கார வைத்தார்கள்.

எங்கள் எஸ்டேட் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில். மலையில் சமதரை கிடைப்பது அபூர்வம். பேக்டரிக்கு மேலே மேட்டை வெட்டி நிரவிய துண்டு நிலம்தான் கிரவுண்ட். ஒரு பக்கம் சில்வர் ஓக் மரங்கள், மற்ற மூன்று பக்கமும் தேயிலை. பந்து தேயிலைக்குள் போனால் நாலு ரன். போய்த் தேடி எடுப்பது அடித்தவன் வேலை. மஞ்சு இறங்கிவிட்டால் பௌலர் ஓடி வரும் சத்தம்தான் முதலில் கேட்கும், ஆள் பிறகுதான் தெரிவான். பேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர்தான் கேப்டன். மேஸ்திரி மகன், லாரி டிரைவர், பேக்டரியில் இரண்டு மூன்று பேர், மிச்ச இடத்துக்கு லைன் வீட்டுப் பள்ளிக்கூடப் பையன்கள்.

அந்தப் பையன்களில் ஒருவன் இடது கைக்காரன். பதினாறு வயசு. அவன் அம்மா என் அம்மாவோடு ஒரே காட்டில் கொழுந்து எடுத்தவர். குத்திய பிறகு அவன் பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கே தெரியாது என்று கேலி பண்ணுவோம். ஆனால் ஒரு வருஷம் கோப்பைப் போட்டியில் எங்களை அரையிறுதி தாண்டிக் கொண்டுபோனவன் அவன்தான்.

இறுதி ஆட்டம் மே மாதத்தில், ஊட்டி சீசன் நேரத்தில். அன்று காலை டீமேக்கர் ஜீப்பில் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். இருவரும் டவுனில் லெதர் பாலில் லீக் ஆடிப் பழுத்தவர்கள், முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு இடம் வேண்டும் என்றால் இரண்டு பேர் வெளியே போக வேண்டும். டீமேக்கர் எங்கள் இடது கைக்காரன் தோளில் கை போட்டு, “தம்பி, இன்னிக்கு ஒரு நாள் பன்னிரண்டாவது ஆளா இரு. அடுத்த வருஷம் உனக்குத்தான்” என்றார். அவன் “சரிங்கண்ணா” என்றான். முதல் நாள் ராத்திரியே சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்துத் தன் கேன்வாஸ் ஷூவில் பூசிக் காயவைத்திருந்தான். தையல் விட்ட ஓரத்தில் மட்டும் வெள்ளை ஒட்டாமல் செம்மண் தெரிந்தது. தண்ணீர் எடுத்துப் போன இரண்டு தடவை தவிர அந்த ஷூ அன்றைக்குக் கிரவுண்டில் படவில்லை.

கோப்பையை நாங்கள்தான் வாங்கினோம். வந்தவர்களில் ஒருவர் நாலு விக்கெட் எடுத்தார். ராத்திரி பேக்டரி வாசலில் பிரியாணி. எல்லோருக்கும் சந்தோஷம்தான், அவனுக்கும்கூட.

வயசானவர்களை அணிக்கு எடுப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. 2018 நினைவுக்கு வருகிறது. இரண்டு வருஷத் தடை முடிந்து சென்னை அணி திரும்பி வந்தபோது தோனிக்கு 36, வாட்சனுக்கு 36, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 39. அப்பாக்களின் படை என்று ஊரே கிண்டல் செய்தது. காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டத்தோடு நின்று, மிச்சத்தைப் புனேயில் ஆடினார்கள். மே 27 இறுதிப் போட்டியை எஸ்டேட் டி.வி. ஹாலில் பார்த்தோம். வாட்சன் முதல் பத்து பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. “ஆளை மாத்துங்கய்யா” என்று கத்தியவர்கள் அரை மணி நேரத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். 57 பந்தில் 117, கடைசி வரை அவுட் இல்லை.

அது சரியான முடிவு. அதற்குக் காரணம் ஆட்டத்தைவிட ஏலத்தில்தான் அதிகம் இருந்தது. ஐ.பி.எல்.லில் மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு முறை பெரிய ஏலம் வந்து அணியையே கலைத்துப் போடும். ஒரு சிலரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். பதினெட்டு வயசுப் பையனை எடுத்து, மூன்று வருஷம் சோறு போட்டு வளர்த்தால், அவன் பக்குவமாகிற நேரத்தில் பக்கத்து அணி தூக்கிக்கொண்டு போகும். இந்தக் கணக்கில் இன்றைக்கே ஆடித் தருகிறவரை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். தவிர, 2018-இல் அந்தப் பெரியவர்களுக்காகச் சென்னை எந்தப் பையனையும் இன்னோர் அணிக்குக் கொடுக்கவில்லை. கையிலிருந்த பணத்தைத்தான் கொடுத்தது.

அமெரிக்காவின் பேஸ்பாலில் கணக்கு வேறு. பள்ளி முடித்த பையன்களைச் சின்ன லீக்குகளில் வருஷக்கணக்கில் வளர்ப்பார்கள். பெரிய லீக்குக்கு வந்த பிறகும் ஆறு வருஷ ஆட்டம் முடியும்வரை அவன் அந்த அணியின் கட்டுக்குள்தான். அதனால் அங்கே பையனைக் கொடுப்பது என்றால் வரப்போகும் பத்து வருஷத்தைக் கொடுப்பது. 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி, ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயதுப் பையனை அட்லாண்டாவுக்குக் கொடுத்து, 36 வயது டாயில் அலெக்ஸாண்டரை வாங்கியது. ஸ்மோல்ட்ஸ் அதே மிச்சிகன் மாநிலத்துப் பையன். அலெக்ஸாண்டர் அந்த சீசனின் மிச்சத்தில் ஒன்பது ஆட்டம் ஜெயித்தார், ஒன்றுகூடத் தோற்கவில்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் வீசிய இரண்டு ஆட்டத்திலும் அவர் தோற்றார், அணியும் வெளியேறியது. ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவுக்காக இருபது வருஷம் வீசி, 1995-இல் உலகத் தொடரை வென்று, 2015-இல் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்துக்குள் போனார். இதற்கு எதிர்க்கதையும் உண்டு. சிகாகோ கப்ஸ் 2016-இல் க்ளேபர் டோரஸ் என்ற பத்தொன்பது வயதுக்காரனை இன்னும் சிலரோடு கொடுத்து சாப்மன் என்ற தேர்ந்த வீச்சாளரை வாங்கி, 108 வருஷம் கழித்துப் பட்டம் வென்றது. அந்த ஊரில் அந்த வியாபாரத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். நூறு வருஷம் காத்திருந்த ஊர் அது.

எங்கள் மலையில் இதே கணக்கை முதலாளிகள் தேயிலையில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் செடி இன்னும் கொழுந்து தருகிறது. அதைப் பிடுங்கிவிட்டுப் புது நாற்று வைக்க வேண்டும் என்றால் முதலில் குவாட்டிமாலா புல்லைப் போட்டு ஒன்றரை, இரண்டு வருஷம் மண்ணைத் தேற்ற வேண்டும். நாற்று நட்ட பிறகு முழு மகசூலுக்கு இன்னும் நாலைந்து வருஷம். அத்தனை நாள் அந்தக் காட்டில் பெரிதாக வருமானம் கிடையாது. அதனால் பல இடங்களில் பட்டுப்போன செடியின் குழியில் மட்டும் ஒரு நாற்றைச் செருகுவார்கள். அதையும் நினைத்த நேரத்தில் வைக்க முடியாது, கவாத்து வெட்டிய வருஷத்தில்தான் வைக்க வேண்டும். சுற்றியுள்ள கிழட்டுச் செடிகள் குடை மாதிரி படர்ந்து நின்றால் நாற்று வெயில் காணாமல் சூம்பிப்போகும். பக்கத்தில் பெரிய செடி இருப்பதால் நாற்றுக்குக் கெடுதல் இல்லை. வெளிச்சம் விடாமல் இருப்பதுதான் கெடுதல்.

கிரிக்கெட்டிலும் அதே கெடுதல்தான். 2020-இல் துபாயிலும் அபுதாபியிலும் சென்னை அணி வரிசையாகத் தோற்றது. இளம் ஆட்டக்காரர்களிடம் போதுமான பொறியைப் பார்க்கவில்லை என்கிற பொருளில் தோனி பேசினார். எனக்கு அந்த வார்த்தை வலித்தது. தோனியை நேசிக்கிறவன் என்பதால் கூடுதலாகவே வலித்தது. உட்கார வைத்த பையனிடம் பொறியை எங்கே பார்ப்பது? ருதுராஜ் கெய்க்வாட் முதல் மூன்று இன்னிங்ஸில் எடுத்தது 0, 5, 0. இனி இழக்க ஒன்றுமில்லை என்று ஆன பிறகு நாலாவது தடவையும் இறக்கினார்கள். அடுத்தடுத்து மூன்று அரைசதம். மறு வருஷம் 635 ரன்களோடு, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி அவருக்கு, கோப்பை சென்னைக்கு.

ஜடேஜா சிக்ஸர் அடித்த அதே 2023 இரவில், எதிரணியில் ஆடிய சாய் சுதர்சன் 47 பந்தில் 96 அடித்ததை நம் ஆட்கள் சீக்கிரம் மறந்துவிட்டார்கள். சென்னைப் பையன். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் பெயர் எடுத்தவன். 2022 ஏலத்தில் குஜராத் அவனை 20 லட்சத்துக்கு எடுத்தபோது சென்னைக்கு அவன் வேண்டியிருக்கவில்லை. 2025-இல் 759 ரன்களோடு ஆரஞ்சுத் தொப்பி அவனுக்கு. அந்த 2025-இல் சென்னை, தன் வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடம். சொந்த ஊர்ப் பையனை விலைக்குக் கொடுத்திருந்தாலாவது கைக்கு ஏதாவது வந்திருக்கும்.

அந்தக் கடைசி இட வருஷத்திலும் ஒரு நல்ல ராத்திரி இருந்தது. மே 3, பெங்களூரு. பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே 48 பந்தில் 94. அந்தப் பக்கம் ஜடேஜா 77, அவுட் இல்லை. இரண்டு ரன்னில் தோற்றார்கள். மாத்ரே ஏதோ ஒரு பந்தைத் தூக்கி அடித்துவிட்டுத் தடுமாறும்போதெல்லாம் ஜடேஜா நடந்து வந்து என்னவோ சொல்லிவிட்டுப் போனார். கிழவனும் குமரனும் ஒரே பிச்சில் நிற்பதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. மூத்தவரை வாங்குவதா, இளையவரை வளர்ப்பதா என்று கேள்வியையே தப்பாகப் போட்டுக்கொள்கிறோம் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. பெரியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தன் பக்கத்தில் ஒரு பையனுக்கு இடம் போட அவரால் ஆகாது. அது கேப்டன் கையில், முதலாளி கையில் இருக்கிறது.

எங்கள் இறுதி ஆட்டத்தில் நாலு விக்கெட் எடுத்தவரும் நல்ல மனுஷர். டீ இடைவேளையில் எங்கள் இடது கைக்காரனைக் கூப்பிட்டு, பந்தின் தையல் மேல் இரண்டு விரலை வைத்து, மணிக்கட்டு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார். அவன் பத்துத் தடவை வெறும் கையை வீசிப் பார்த்தான். ஆனால் அவனுக்கு வீச ஓவர் இல்லை. அடுத்த மே மாதம் அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஆட்டத்தில் உட்கார வைத்ததற்காகப் போகவில்லை. வீட்டுக் கஷ்டத்துக்காகப் போனான். எங்கள் வயசில் பாதிப் பேர் மலை இறங்கியது அப்படித்தான். ஆனால் அவன் வாழ்க்கையில் ஒரே ஓர் இறுதி ஆட்டம்தான் வந்தது. அதில் அவன் ஆடவில்லை.

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபி ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை, பத்தொன்பது வயது கார்த்திக் சர்மாவையும் இருபது வயது பிரசாந்த் வீரையும் ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்தது. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம்தான். அப்பாக்களின் படையை வைத்து ஆடிய அணி இவ்வளவு தூரம் வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. இனி சேப்பாக்கத்தில் உட்காரப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பையன்களும் 0, 5, 0 என்று எடுக்கலாம். விலையைச் சொல்லிக் கூச்சல் போடாதீர்கள். நாலாவது ஆட்டத்திலும் அவர்களை இறக்கச் சொல்லிக் கேளுங்கள்.