மார்கழியில் மூன்று நாள்: வேடந்தாங்கல் டு மாமல்லபுரம்

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ மேற்குப் பக்கம் கார் டிரிப் போவதாகச் சொன்னால், ஏற்பாடு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடும். ஸயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன் என்று தேசியப் பூங்காக்களைச் சுற்றிவரும் அந்தப் பயணத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. எந்த மாதம் பனி, எந்த மாதம் கூட்டம், எந்தப் பாறையில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்றுகூடப் பார்த்து வைத்திருப்பார்கள். அதே குடும்பம் ஊருக்கு வந்து மாமல்லபுரம் கிளம்பும்போது ஒரு கணக்கும் கிடையாது. நிதானமாக டிபன் சாப்பிட்டு, பத்தரைக்குப் புறப்பட்டு, உச்சி வெயிலில் ஐந்து ரதத்து மணலில் நடந்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு இளநீர், நாலு செல்ஃபி. வீடு திரும்பினால் தலைவலி. "பார்த்த இடம்தானே" என்ற அலுப்பு வேறு.

இடத்தின் மேல் குற்றமில்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்தான். தூரம் குறைவு என்பதாலேயே யாரும் நேரத்தைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் இந்தப் பகுதியில் பார்க்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை இருக்கிறது. பறவைக்கு மாலை, மலைக்கோயிலுக்குக் காலை, கடற்கரைக் கோயிலுக்குச் சூரியன் எழும் நேரம். அந்த வேளைகளுக்கு ஏற்ப வண்டியைத் திருப்பினால் மூன்று நாள் போதும்.

முதலில் மாதம். பெரும்பாலான வீடுகளில் டூர் என்றாலே மே மாதம். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பினால் நவம்பரிலிருந்து பறவைகள் வரத் தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் கூடும் குஞ்சுமாகக் களை கட்டும். மார்ச் கடைசியில் கிளம்பிவிடும். மே மாதம் வேடந்தாங்கல் போனால் வறண்ட ஏரியையும் மரங்களையும் பார்த்துவிட்டு வரலாம். ஆகவே அரையாண்டுத் தேர்வு விடுமுறைதான் சரியான சமயம். பொங்கல் லீவும் நல்லதே, காணும் பொங்கல் தவிர. அன்றைக்கு மாமல்லபுரத்தில் சிற்பத்தைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். மழை பொய்த்த வருடம் என்றால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் பறவையும் இல்லை.

அடுத்தது கிழமை. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இரண்டும் திரும்பி வரும் வழியில் இருப்பவை. எனவே வெள்ளி காலை தொடங்கி ஞாயிறு முடிப்பது வசதி.

வெள்ளிக்கிழமை ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே வந்தால் செங்கல்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி. மின்சார ரயிலில் வருபவர்களுக்குச் சன்னலோரம் கிடைக்கும் இலவசக் காட்சி அது. ஊருக்குள் விஜயநகர காலத்துக் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. ரயில் பாதையே அதை அறுத்துக்கொண்டுதான் போகிறது. தேடிப் போய்ப் பார்க்கும் அளவுக்கு இப்போது அங்கே எதுவும் இல்லை. காபி குடித்துவிட்டு மதுராந்தகத்துக்குக் கிளம்பிவிடலாம். கோயில் நடை சாத்துவதற்குள் அங்கே இருக்க வேண்டும்.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். மழைக்கு ஏரிக்கரை உடையும் என்ற நிலை. கரையைப் பார்க்க இரவில் வந்த கலெக்டர் லியோனல் பிளேஸ் துரைக்கு, வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காப்பது தெரிந்ததாம். கரை உடையவில்லை. தாயார் சன்னதித் திருப்பணியை அவரே செய்து கொடுத்தார் என்று கோயிலில் கல்வெட்டும் இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் கலெக்டரின் பெயரை மறந்துவிட வேண்டாம். சாயங்காலம் வேடந்தாங்கலிலும் அவர் வருவார்.

மதுராந்தகத்திலேயே மதியச் சாப்பாடு. பாட்டி, தாத்தா இருந்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. வேடந்தாங்கலுக்கு மூன்றரை மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் போதும். காலையில் இரை தேடிப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புவது நாலு மணிக்கு மேல்தான். மூன்று மணிக்கே வந்து, "அவ்வளவுதானா?" என்று நாலு மணிக்குக் கிளம்பிப் போகிற குடும்பங்கள் கொஞ்ச நஞ்சமல்ல!

ஏரிக்கரை மேல் நடந்தால், தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் இலைக்குப் பதில் பறவைகள் முளைத்ததுபோல் இருக்கும். நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம். பெயரைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். வாய் கரண்டியாக இருந்தால் கரண்டிவாயன், தண்ணீருக்கு மேலே பாம்புபோல் கழுத்து மட்டும் நீண்டால் பாம்புத்தாரா. பெயரிலேயே விடை இருப்பதால் எல்.கே.ஜி. பிள்ளையும் ஜெயிக்கும். வீட்டில் பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்து வரலாம்.

இங்கேதான் பிளேஸ் துரை மறுபடி வருகிறார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று 18-ம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அவர் எழுதிக் கொடுத்தார். உலகின் முதல் தேசியப் பூங்கா என்று சொல்லப்படும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் அறிவிக்கப்பட்டது 1872-ல். அதற்கு எழுபது வருடத்துக்கும் மேலாக முன்பே, சுமார் 30 ஹெக்டேர் ஏரி ஒன்றுக்காக ஒரு கிராமம் காகிதம் வாங்கி வைத்திருந்தது. பறவைப் பாசம் மட்டும் காரணமல்ல. எச்சம் விழுந்து உரமேறிய ஏரித் தண்ணீர் பாயும் வயலில் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். பறவை மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் இது. 2022-ல் வேடந்தாங்கலும், பக்கத்தில் இருக்கும் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இத்தனை வருடமாக ஓர் ஊரே சத்தம் போடாமல் இருக்கிற இடத்தில், புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போடும் வாலிபர்களைப் பார்த்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆறு மணிக்கு வெளிச்சம் போய்விடும். அன்றிரவு செங்கல்பட்டிலேயே தங்குவது நல்லது. இருட்டில் மாமல்லபுரம் வரை ஓட்டிப் போனால் மறுநாள் காலை திருக்கழுக்குன்றத்தைத் தவறவிட நேரும்.

திருக்கழுக்குன்றம் செங்கல்பட்டிலிருந்து 14 கிலோமீட்டர். மலைமேல் வேதகிரீஸ்வரர், கீழே பக்தவத்சலேஸ்வரர். மேலே போக ஐந்நூறுக்கும் அதிகமான படிகள். ஒரு தலைமுறைக்கு முன் இந்த ஊருக்கு வந்தவர்கள் எல்லோரும் மதியம் பன்னிரண்டைக் குறிவைத்தே வந்தார்கள். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்திறங்கும். குருக்கள் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிடும். காசியிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் இறங்குகின்றன என்பார்கள். மஞ்சள்முகப் பாறு என்ற அந்தப் பறவையின் வரவு 1990-களின் கடைசியில் நின்றுபோனது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த கதை யாரிடமாவது நிச்சயம் இருக்கும்.

கழுகு வராத இந்தக் காலத்தில் மதியம் ஏறுவதற்கு ஒரு காரணமும் இல்லை. கல்லில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினால் மார்கழிக் குளிரும் இருக்கும், மேலேயிருந்து சங்கு தீர்த்தமும் வயலும் ஏரியும் தெளிவாகத் தெரியும். முட்டிவலிக்காரர்கள் படியேறி வீரம் காட்ட வேண்டாம். கீழ்க்கோயிலே பெரிய கோயில். அங்கே உட்கார்ந்திருப்பதே சுகம். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினால் குரங்குகள் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் குடைவரை இருக்கிறது. நின்று பார்க்க வேண்டிய இடம். சுவரில் 17-ம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாறையில் பெயர் எழுதும் வியாதி நேற்று வந்ததல்ல! அவர்கள் கிளம்பி வந்த ஊர் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கம் சாலையில் அடுத்த நிறுத்தமும் அதுதான்.

அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கோட்டை இருப்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிற பலருக்குத் தெரியாது. மஸ்லின் துணி ஏற்றுமதிக்காக டச்சுக்காரர்கள் நடத்திய துறைமுக ஊர் இது. செங்கல் கோட்டை, பெரிய கிடங்குகள், கப்பல் உருவம் செதுக்கிய கல்லறைகள். 1782 பிப்ரவரி 17-ல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் கடற்போர் நடந்தது இந்தக் கரைக்கு எதிரேதான். ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிக்கலாம். புதுப்பட்டினத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மாமல்லபுரம் போனால் அறை எடுத்துத் தூங்க நேரம் சரியாக இருக்கும். மதியம் தூங்குவதும் திட்டத்தில் ஒரு பகுதியே.

நாலு மணிக்கு ஐந்து ரதம். வெயில் சாய்ந்தபின் பாறையின் நிறமே வேறு. ஒரே பாறைத் தொடரை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, முடிக்காமல் விட்ட வேலை இது. அடிப்பகுதிகளைப் பார்த்தாலே தெரியும். பாண்டவர் பெயரெல்லாம் பின்னால் வந்தது. நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். அதற்குப் பக்கத்திலேயே உண்மையான உயரத்தில் ஒரு கல் யானை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால், கஜபிருஷ்ட விமானம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடற்கரைக் கோயிலையும் அன்றே பார்த்துவிடலாமே என்ற ஆசை வரும். அடக்கிக்கொள்வது நல்லது. டிசம்பர், ஜனவரியில் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா நடக்கும். மாலையை அதற்குக் கொடுக்கலாம். ராத்திரிக்கு வஞ்சிரமோ சங்கராவோ சாப்பிடுகிறவர்கள், மீனைக் கல்லில் போடும் முன்பே விலை கேட்டுவிட வேண்டும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வளாகம் திறக்கும். மார்கழியில் சூரியன் எழ ஆறரை ஆகும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு திட்டமும். கடற்கரைக் கோயிலின் பெரிய சன்னதி கிழக்கே கடலைப் பார்த்தது. சாம்பல் நிறத்தில் நிற்கிற விமானம் மெல்லப் பொன்னிறமாவதைக் கண்ணால் பார்க்கலாம். பேருந்துக் கூட்டம் அப்போது வந்திருக்காது. எட்டு மணிக்குள் அர்ஜுனன் தபசு. அதுவும் கிழக்கு பார்த்த பாறை என்பதால் காலை வெயில் நேராக விழுந்து ஒவ்வொரு உருவமும் எழுந்து நிற்கும். மதியம் போனால் அதே பாறை தட்டையாகத் தெரியும். யானைக் கூட்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள். யானைக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிக் கும்பிடும் எலிகளையும் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை, கண்டிப்பாகவே. கோயிலை ஒட்டிய கடல் குளிப்பதற்கானது அல்ல. அமைதியாகத் தெரியும் அலை, திரும்பும்போது காலடி மணலோடு ஆளை இழுத்துவிடும். நீச்சல் தெரிந்த வாலிபர்களே ஒவ்வொரு வருடமும் இந்தக் கரையோரம் உயிரை விடுகிறார்கள். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வயது வந்த பையன்கள் இருக்கும் வீட்டில் இதைக் காரில் ஏறும்போதே பேசி முடிவு செய்துவிடுவது உத்தமம். கரையில் வைத்துச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

டிபனுக்குப் பிறகு வடக்கே திரும்பினால் 5 கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் புலிக்குகை. அதே வளாகத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டி எடுத்த முருகன் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. கருங்கல் கோயிலுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். வாசல் வடக்கே பார்த்தது. முக்கால்வாசிப் பேர் குகையில் படம் எடுத்துவிட்டு இதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

மிச்சமிருக்கும் பகலுக்கு முதலைப் பண்ணை, தட்சிணசித்ரா இரண்டில் ஒன்று போதும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை. பாட்டிகள் கூட வந்தால் தட்சிணசித்ரா; அங்கே பெயர்த்தெடுத்து வந்து நிறுத்தியிருக்கும் செட்டிநாட்டு வீட்டின் திண்ணையில் அவர்களை உட்கார வைத்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது.

கார் இல்லாதவர்களுக்கும் இந்த வழி மூடியதில்லை. கடற்கரை, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஓடுகிறது. வேடந்தாங்கல் மாலைக்கு மட்டும் ஒரு வாடகைக் கார் பேசிக்கொண்டால் போதும். ஞாயிறு மாலை ஐந்துக்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலை நத்தையாகத்தான் நகரும். மூன்றரைக்கே வண்டியை எடுத்துவிட்டால் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்கள்.