தறிகளின் நடுவே ஓர் ஆசிரியர் வகுப்பு

கைத்தொழிற் புரட்சியை நாம் பல ஆண்டுகளாக வகுப்பறையிற் கற்பித்து வருகின்றோம். ஆண்டுகளையும் இயந்திரங்களின் பெயர்களையும் கரும்பலகையில் எழுதுவோம், மாணாக்கர் குறிப்பெடுப்பர், பரீட்சையில் எழுதி நல்ல புள்ளிகளும் பெறுவர். ஒருநாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், ஒரே மண்டபத்தில் அத்தனை தறிகள் ஓடினால் சத்தம் எப்படி இருந்திருக்கும்?” என்று வினவினான். “அது பரீட்சைக்கு வராது, இரு” என்றோம். உண்மையில் எமக்கு விடை தெரியாது.

அவ்விடை சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் எமக்குக் கிடைத்தது. உறவினர் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கியிருந்த நாம், பொஸ்ரன் நகரிலிருந்து புகையிரதமேறி லோவெல் என்னும் ஊரைக் காணச் சென்றோம்.

மெரிமக் ஆறு அவ்விடத்தில் 32 அடி கீழிறங்குகின்றது. அந்த நீர்வலுவை ஏறக்குறைய 6 மைல் நீளமான கால்வாய்களில் திருப்பி, ஆலைச் சக்கரங்களைச் சுழற்றினர். இங்கிலாந்தின் விசைத்தறி அமைப்பை நேரிற் கண்டு மனத்திற் பதித்து வந்தவர் பிரான்சிஸ் கபட் லோவெல். அவர் 1817இல் மறைந்த பின் அவருடைய கூட்டாளிகள் எழுப்பிய நகரே இது. இங்கு முதல் ஆலை இயங்கத் தொடங்கியது 1823இல். பொஸ்ரனிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிமார் நம் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவியதும் அதே ஆண்டில் என்பதை நினைத்தபோது, ஊர் சற்று அண்மையில் வந்தது போலிருந்தது.

பூட் ஆலை இன்று நூதனசாலையாக உள்ளது. அதன் நெசவு மண்டபத்தில் 88 தறிகள் நிரையாக நிற்கின்றன. நுழையுமுன் செவியை அடைத்துக்கொள்ளப் பஞ்சுபோன்ற அடைப்பான்களைத் தருகின்றனர். ஓடியவை சில தறிகளே. ஆயினும் பலகைத்தளம் உள்ளங்காலில் அதிர்ந்தது. அருகில் நின்றவர் வாயசைவது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. எம் மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது.

அம்மண்டபத்தில் எம்முடன் நின்ற குழுவினர் உல்லாசப் பயணிகளல்லர். பல மாநிலங்களிலிருந்து வந்த உயர்தரப் பள்ளி ஆசிரியர்கள். கோடை விடுமுறையில் ஒரு வாரம் தாமே மாணாக்கராக வந்திருந்தனர். வரலாறு நிகழ்ந்த இடத்திலேயே ஆசிரியரைக் கூட்டிக் கற்பிக்கும் இத்தகைய வகுப்புகளுக்கு அந்நாட்டில் அரசாங்க நிதியும் உதவி வந்தது. லோவெலில், பல்கலைக்கழகமும் தேசியப் பூங்காச் சேவையும் சேர்ந்து நடத்திய சொங்கஸ் கைத்தொழில் வரலாற்று நிலையம் இப்பணியைச் செய்தது.

காலையில் அறிஞர் ஒருவரின் விரிவுரை. பின்னர் கால்வாய்க் கரையிலும் ஆலையிலும் நடை. கையால் நெய்து பார்த்தல். மாலையில் பழைய கடிதங்களை வாசித்தல். வாரமுடிவில் ஒவ்வொருவரும் தம் மாணாக்கருக்கென ஒரு பாடம் அமைத்தல் வேண்டும். ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியையும் அவர்களோடு பார்த்தோம். நாட்டுப்புறக் குடும்பங்களிலிருந்து வந்த அந்த இளம்பெண்கள் வாரத்தில் 70 மணிக்கு மேல் உழைத்தவர்கள். 1834இலும் 1836இலும் வேலைநிறுத்தம் செய்தவர்கள். தமக்கென ஒரு சஞ்சிகையும் கண்டவர்கள். பத்துமணி வேலைநாளை அவர்கள் 1840களிற் கேட்டனர். பெண்களுக்கும் சிறுவருக்கும் அது அம்மாநிலத்திற் சட்டமானது 1874இல்.

தென்மாநில ஆசிரியை ஒருவர் எம்மிடம் கூறியது இன்னும் செவியில் நிற்கின்றது. அவருடைய ஊரில் அடிமைகள் பருத்தி பறித்த கதையை அவர் ஆண்டுதோறும் கற்பித்தவர். அப்பருத்தி எங்கே போயிற்றென்று ஒருநாளும் தாம் சிந்தித்ததில்லை என்றார். பருத்தி இங்கே வந்தது. இங்கு நெய்த முரட்டுத் துணி அடிமைகளின் உடையாகத் திரும்பிச் சென்றது. இருபது ஆண்டு கற்பித்த பாடத்தின் மறுபாதியை இன்றுதான் கண்டேன் என்று சொல்லி, அவர் தறியைப் பார்த்தபடி நின்றார். எமக்கும் அதே நாணம் இருந்தது, அவரிடம் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பின், ஆவணி விடுமுறையில், சக ஆசிரியர் மூவரை அழைத்துக்கொண்டு காங்கேசன்துறைக்குச் சென்றோம். லோவெலுக்குப் போக எம்மிடம் பணமில்லை. சீமெந்து ஆலைக்குப் போக பேருந்துக் கட்டணம் போதும். 1950இல் உற்பத்தி தொடங்கிய அவ்வாலை, போரினால் 1990இல் நின்றுபோயிற்று. வீதியோரம் நின்று கட்டடங்களைப் பார்த்தோம். பின்னர் அங்கு வேலை செய்த முதியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். அவர் எம் மாணவி ஒருத்தியின் அம்மப்பா.

“ஆலைச் சத்தம் பெரிசோ, ஐயா?” என்று கேட்டோம்.

“சத்தத்துக்கு நாங்கள் பழகிப்போனம், தம்பி. அது நிண்ட இரவுதான் ஒருத்தருக்கும் நித்திரை வரேல்லை” என்றார் அவர்.

நால்வரும் நெடுநேரம் ஒன்றும் எழுதவில்லை. பின்னர் குறிப்பேட்டைத் திறந்து, அவரிடம் கேட்கத் தெரியாமற் போன வினாக்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினோம். அடுத்த தவணையில் அவ்வினாக்களுடனேயே பாடத்தைத் தொடங்கினோம். அம்முறை, கை உயர்த்திய எந்த மாணவனையும் நாம் இருத்தவில்லை.