வேரோடு விழுந்த பல்

பாற்பல் விழுந்தால் அதைக் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். என் பேத்தியின் முதற்பல் விழுந்தபோது நானும் அதையே செய்யப் புறப்பட்டேன். அவளுக்கு அப்போது வயது இரண்டரை. பாண் துண்டொன்றைக் கடித்தவள் அழவுமில்லை. "அம்மம்மா, பல்லு" என்று கையை நீட்டினாள். முரசில் ஒரு துளி இரத்தம் மாத்திரம் தெரிந்தது.

முற்றத்து வெயிலில் அப்பல்லைப் பார்த்தேன். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவளுக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும்? எனினும் எத்தனையோ பிள்ளைகளின் பல்லைக் கூரைக்கு எறிந்த கை இது. விழுகின்ற பாற்பல்லுக்கு வேர் இராது. கீழிருந்து எழும் புதுப்பல்லுக்கு இடம்விட்டு அது கரைந்துபோயிருக்கும். இப்பல்லோ பிடுங்கியெடுத்த கிழங்கைப் போல முழு வேரோடும் இருந்தது. எறிய மனம் வரவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

முதலிற் பார்த்த பல் வைத்தியர், பிள்ளை எங்காவது விழுந்து அடிபட்டிருப்பாள் என்றார். அவள் விழவில்லை என்று சொன்னேன். அம்மம்மாமார் எல்லாவற்றையும் காண்பதில்லை என்று சிரித்தார். இரண்டு மாதத்தில் பக்கத்துப் பல்லும் ஆடத் தொடங்கியது. அடுத்துப் பார்த்தவர் வயதானவர். பிள்ளையின் வாயைப் பார்க்குமுன் நான் கொண்டுபோன பல்லின் வேரையே நெடுநேரம் பார்த்தார். ஐந்து வயதுக்கு முன் ஒரு பல் வேரோடு தானாக விழுந்தால் என்புகளைப் பற்றியும் விசாரிக்க வேண்டும் என்று கூறி, இரத்தத்தில் காரப் பொசுபற்றேசு என்னும் நொதியத்தின் அளவைப் பார்க்க எழுதித் தந்தார்.

பரிசோதனைத் தாளில் அவளுடைய எண் 78. அருகில் எந்தக் குறியும் இல்லை. நாங்கள் மகிழ்ந்தோம், வைத்தியர் மகிழவில்லை. தாளில் அச்சிட்டிருந்தது வளர்ந்தோருக்குரிய எல்லை. என்பு வளரும் பருவத்தில் இந்நொதியம் பெரியவர்களிலும் பார்க்க மிகக் கூடுதலாக இருத்தல் வேண்டும். ஒரு கிழவிக்குப் போதுமான அளவு ஒரு குழந்தைக்குப் போதாது. கூடினால் சிவப்பு மையாற் குறிக்கப் பழகிய கண்களுக்குக் குறைவு தெரிவதில்லை போலும்.

அன்று தொட்டு நான் தேடித்தேடி வாசித்தேன். மாணாக்கரும் இதைப் படிக்கக்கூடும் ஆதலால் சிறிது சொல்லுகிறேன். 1923இல் இலண்டன் லிஸ்ரர் நிலையத்தில் றொபேட் றொபிசன் என்பவர், வளரும் எலி, முயல் ஆகியவற்றின் என்பில் பொசுபேற்றை விடுவிக்கும் நொதியமொன்று இருப்பதைக் கண்டு, என்பு கடினமாவதற்கு அதுவே உதவுகிறது என்று கருதினார். 1948இல் கனடாவின் குழந்தை வைத்தியர் றத்பன், கணை நோய் போன்ற கோளாற்றால் இறந்த ஒரு சிசுவை ஆராய்ந்தார். கணையில் இந்நொதியம் உயரும். அச்சிசுவிடமோ அது தாழ்ந்திருந்தது. அவர் அந்நோய்க்கு ஐப்போபொசுபற்றேசியா என்று பெயரிட்டார்.

நொதியம் குறைந்தால் பல் ஏன் விழ வேண்டும்? நம் உடலில் பைரோபொசுபேற்று என்றொரு பொருள் உண்டு. உப்புக்கள் கண்ட கண்ட இடமெல்லாம் படியாமல் தடுப்பது அதன் தொழில். ஆகவே அது பகையன்று. ஆனால் என்பு கட்டும் இடத்தில் அதை உடைத்து அகற்ற வேண்டும். அதுவே இந்நொதியத்தின் வேலை. அகற்றாவிடின் கல்லும் சுண்ணாம்பும் முற்றத்தில் குவிந்து கிடக்க, கட்டவிடாமல் வாசலில் ஒருவன் மறித்து நிற்பான். பல்வேரைத் தாடையுடன் பிணைக்கும் மெல்லிய பூச்சும் உருவாகாது. நான் வாங்கி வைத்த கல்சியம் போத்தலை வைத்தியர் மூடிவைக்கச் சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. குறைந்தது சுண்ணாம்பு அன்று.

இந்நொதியம் 524 அமினோ அமிலங்களாலான ஒரு புரதம். அதற்குரிய பரம்பரையலகு நமது முதலாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாய்வழி, தந்தைவழி வந்த இரு பிரதிகளிலும் பிழையிருந்தால் நோய் கொடியதாகலாம். ஒன்றில் மாத்திரமிருந்தால் சிலருக்கு ஒன்றுமே தெரியாது, சிலருக்குப் பல் விழும். இதை வாசித்த இரவு எனக்கு உறக்கமில்லை. நாலு வயதில் என் முன்பற்கள் விழுந்தன. திண்ணையால் விழுந்தேன் என்று என் தாயார் சொல்லுவார். அறுபது வயதுக்குப் பின் வெறுமனே நடந்ததற்கே என் பாத என்பு இருமுறை வெடித்தது. மகளும் நானும் இரத்தம் கொடுத்தோம். இருவருக்கும் குறைவு. தோடும் சங்கிலியும் கொடுத்தேன் என்றிருந்தேன். இதையும் அல்லவா கொடுத்திருக்கிறேன்! மகளிடம் அதைச் சொன்னேன். "நீங்கள் அறிந்தா தந்தீர்கள், அம்மா?" என்று கேட்டுவிட்டு அவள் உலையைக் கவனிக்கப் போய்விட்டாள்.

பேத்தியின் எக்ஸ் கதிர்ப் படங்களில் என்புகள் நன்றாகவே இருந்தன. கொடிய நோயுள்ள குழந்தைகளுக்கு, குறைந்த நொதியத்தையே ஊசிமூலம் கொடுக்கும் மருந்து 2015 முதல் சில நாடுகளில் உண்டு. விலையோ நம்மால் நினைக்கவும் முடியாதது. அவளுக்கு அது இப்போது தேவையில்லை. ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள்.

கவலை வேறிடத்தில் முளைத்தது. கனடாவிலிருக்கும் என் தம்பிக்கும் பாத என்பு வெடித்திருந்தது. என்புத் தேய்வு என்று கூறி வாரமொரு குளிசை கொடுத்திருந்தார்கள். பலருக்கு நன்மை செய்யும் அக்குளிசைகள் பைரோபொசுபேற்றின் சாயலிலேயே ஆக்கப்பட்டவை. எங்களைப் போன்றோரிடம் ஏற்கெனவே மிஞ்சிக் கிடப்பதும் அதுவே. நிறுத்தும்படி சொல்ல நான் யார்? "பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு உன் வைத்தியரிடம் போ, தம்பி" என்றேன். ஒன்பது ஆண்டுத் தாள்கள். ஒவ்வொன்றிலும் அந்த எண் தாழ்ந்தேயிருந்தது. ஒன்றிலும் குறி இல்லை. வைத்தியரே குளிசையை நிறுத்திவிட்டார்.

பேத்தியின் இரண்டாம் பல்லும் வேரோடுதான் விழுந்தது. வைத்தியரிடம் காட்டிய பின் அவளிடமே கொடுத்தேன். அவள் எறிந்த பல் ஓட்டிற்பட்டுத் திரும்பி முற்றத்தில் விழுந்தது. எடுத்துக்கொண்டுபோய் மறுபடியும் எறிந்தாள்.