வென்டோடெனேயின் மீன்தொட்டிகள்

ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே இருக்கும் ஃபோர்மியா துறைமுகத்திலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம் போனால் வென்டோடெனே. நீளம் மூன்று கிலோமீட்டருக்குள், அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. முதல்முறை நான் போனது பறவைகளுக்காகத்தான். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் பறவைகள் ஏப்ரல், மே மாதங்களில் இங்கே இறங்கி இளைப்பாறுகின்றன. இரவெல்லாம் கடலைக் கடந்து வந்த கொண்டலாத்தி ஒன்று, ஆள் பக்கத்தில் வந்தும் பறக்கத் தெம்பில்லாமல், அவரைச்செடி நட்ட கொல்லையில் மண்ணைக் குத்திக்கொண்டிருந்ததை இன்னும் மறக்கவில்லை. தீவில் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராயும் நிலையமும், வலசைக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. இருட்டிய பிறகு பாறை வளைகளுக்குத் திரும்பும் கடற்பறவைகளின் குரல், கைக்குழந்தை வீறிடுவது போலவே இருக்கும்.

கல்லைப் பார்க்க ஆரம்பித்தது அப்புறம்தான். இந்தத் தீவு பழைய எரிமலை ஒன்றின் மிச்சம். அடியில் கறுத்த எரிமலைக் குழம்புப் பாறை. அதன்மேல் சாம்பல் படிந்து இறுகிய மஞ்சள் நிற மென்கல். இத்தாலியர் அதைத் தூஃபோ என்பார்கள். உளி எளிதில் இறங்கும் கல் அது. அலையும் காற்றும்கூட அதில் எளிதில் இறங்கிவிடும். 2010இல் கடற்கரையில் இந்தக் கல் சரிந்து, சுற்றுலா வந்த பள்ளி மாணவிகள் இருவர் இறந்தார்கள்.

ரோமானியர் இதைப் பண்டட்டேரியா என்றார்கள். வழிகாட்டிகள் சொல்லும் கதை எப்போதும் நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்துப் பெண்களைப் பற்றியதுதான். கி.மு. 2இல் பேரரசர் அகஸ்டஸ் தன் மகள் ஜூலியாவை இங்கே அனுப்பினார். மது கூடாது, தன் அனுமதியின்றி எந்த ஆணும் அவளை அணுகக் கூடாது என்பது அவர் கட்டளை. தாய் ஸ்கிரிபோனியா தானாகவே மகளோடு வந்தாள். பிறகு ஜூலியாவின் மகள் அக்ரிப்பினா இங்கே வந்து கி.பி. 33இல் இறந்தாள். 62இல் நீரோ விலக்கிவைத்த மனைவி ஒக்டேவியா இங்கே கொல்லப்பட்டாள். அதே போல நாடு கடத்தப்பட்ட ஃபிளேவியா டொமிட்டில்லாவும் இங்கேதான் இருந்தாள் என்கிறார் வரலாற்றாசிரியர் டியோ. வரலாறு எழுதிய இன்னொருவரான யூசேபியஸோ பக்கத்துத் தீவான போன்சாவைச் சொல்கிறார். அது தீராத வழக்கு. வடமுனையில் அவர்கள் இருந்த மாளிகையின் அடித்தளம் வெயிலில் கிடக்கிறது. அதை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும்.

என் இடம் கிழக்கே, கலங்கரை விளக்கத்துக்குக் கீழே. அங்கே இருக்கும் ரோமானியத் துறைமுகம் கட்டியதல்ல, குடைந்தது. ஏறக்குறைய 60,000 கன மீட்டர் தூஃபோவை வெட்டி அகற்றிவிட்டுக் கடலை உள்ளே அழைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் மீன்பிடிப் படகுகள் அதே குடைவில்தான் கட்டிக் கிடக்கின்றன. அதைத் தாண்டி முனைக்கு நடந்தால் மீன்தொட்டிகள்.

பாறைக்கு வெளியே திறந்த தொட்டி, பாறைக்குள் குகைபோல் குடைந்த தொட்டிகள். கடலிலிருந்து வாய்க்கால்கள் வருகின்றன. மத்தியதரைக் கடலின் இந்தப் பகுதியில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஒரு முழம்கூட வராது. அந்தச் சிறிய ஏற்றத்தைக் கொண்டே தொட்டித் தண்ணீரைப் புதுப்பிக்க வேண்டும். தண்ணீர் வந்து போக வேண்டும், ஆனால் மீன் போகக் கூடாது. அதற்காக வாய்க்காலின் இரு சுவர்களிலும் நேருக்கு நேராகப் பள்ளம் செதுக்கி, துளையிட்ட பலகையை மேலிருந்து இறக்கினார்கள். முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா, வாய்க்கால் வாயில் சிறு கண்களுள்ள வெண்கலக் கம்பித்தடுப்பு வைக்கச் சொல்கிறார். வெயில் ஏறும்போது மீன் ஒதுங்கப் பக்கச் சுவர்களில் பொந்துகள் வெட்டச் சொல்கிறார். குப்புறப் படுத்து விளிம்பில் தலையை நீட்டி அந்தப் பள்ளத்தை நான் விரலால் தடவியிருக்கிறேன். விரல் அளவு அகலம், தூக்குநூல் பிடித்தது போன்ற நேர். செதுக்கியவன் மீனின் குணம் தெரிந்தவன்.

இந்தப் பள்ளங்கள் இன்று வேறொரு வேலையும் செய்கின்றன. மீன்தொட்டியைக் கடல் மட்டத்தைவிட்டு ஒரு சாண் ஏற்றியோ இறக்கியோ வெட்ட முடியாது. வெட்டினால் தண்ணீர் ஓடாது, அல்லது மீன் தப்பிவிடும். ஆகவே இத்தாலியின் மேற்குக் கரையில் இருக்கும் ரோமானிய மீன்தொட்டிகள், அந்தக் காலத்துக் கடல் எங்கே நின்றது என்பதைக் குறித்து வைத்த அளவுகோல்கள். 2004இல் ஆய்வாளர் கர்ட் லாம்பெக்கும் கூட்டாளிகளும் இவற்றை அளந்து, அன்றைய கடல் இன்றையதைவிட 1.35 மீட்டர் தாழ்ந்திருந்தது என்றார்கள். 2012இல் நிக்கி எவெல்பிடூவின் குழு அதை மறுத்தது. பாறையில் கடல் அரித்த தடங்களை வைத்து, வித்தியாசம் ஏறத்தாழ அரை மீட்டர்தான் என்றது. நான் லாம்பெக் பக்கம். வற்றிய நேரத்திலும் பள்ளத்தின் பெரும்பகுதி தண்ணீருக்குள்ளேதான் இருந்தது. பலகையைக் கையால் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டியவன், கைக்கு எட்டாத ஆழத்தில் அதைப் பொருத்தியிருக்க மாட்டான்.

இத்தனை அருமையான இடத்தின் இன்றைய கதியைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. நான் கடைசியாகப் போன கோடையில் திறந்த தொட்டியின் விளிம்பு முழுக்கக் குளிக்க வந்தவர்களின் துண்டுகள். பிள்ளைகள் அந்த விளிம்பிலிருந்தே தண்ணீரில் குதித்தார்கள். பொந்து ஒன்றில் பிளாஸ்டிக் குப்பி செருகியிருந்தது. தொட்டி எது என்று சொல்லும் பலகை என் கண்ணில் படவில்லை. அதைவிடக் கொடுமை, பாறை விரிசலில் யாரோ பூசியிருந்த சிமென்ட். சிமென்ட் இறுகிக் கெட்டியாகிவிடும், மூச்சுவிடாது. அதற்குள் போக முடியாத உப்புநீர் பக்கத்துத் தூஃபோவில் இறங்கும். உலரும்போது உப்பு படிகமாகி மென்கல்லை உள்ளிருந்தே பொடியாக்கும். கடைசியில் சிமென்ட் மட்டும் நிற்கும், சுற்றியிருந்த கல் போய்விடும். சுண்ணாம்புக் காரைக்கு என்ன பஞ்சம்? ரோமானியரே அதில் உடைத்த ஓட்டுத்தூள் கலந்துதான் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பூசினார்கள்.

எதிரே தெரியும் சாண்டோ ஸ்டெஃபனோ தீவின் சிறை 1795இல் திறந்து 1965இல் மூடியது. அதைப் புதுப்பிக்க 2016இல் இத்தாலிய அரசு 7 கோடி யூரோ ஒதுக்கியது. அதில் எனக்குக் குறையில்லை. முசோலினி காலத்தில் வென்டோடெனேயில் காவலில் இருந்த ஸ்பினெல்லியும் ரோஸ்ஸியும் 1941இல் ஒன்றுபட்ட ஐரோப்பாவுக்கான அறிக்கையை எழுதினார்கள். இந்த இரு தீவுகளையும் உலகம் நினைப்பது நியாயமே. மீன்தொட்டிக்கு அவ்வளவு பணம் வேண்டாம். கயிறு கட்டி ஒதுக்கிவைத்து, கோடையில் ஒரு காவலரை நிறுத்தினாலே போதும்.

போகிறவர்கள் ஆகஸ்டில் போகாதீர்கள். ஏப்ரல் கடைசியில் போங்கள், பறவைகளும் இருக்கும். ஓதம் வற்றும் நேரத்தைப் படகுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இறங்குங்கள். விளிம்பில் நிற்காமல், பாறையில் உட்கார்ந்து அந்தப் பள்ளத்தைப் பாருங்கள்.